வாழ்க்கை சின்னது என்றால் வேலையை விடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், தம்பி. உங்களுக்கு 34 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் 11 வருட வேலை. மனைவி, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. போன ஆடியில் அப்பா 59 வயதில் மாரடைப்பில் போய்விட்டார், பணி ஓய்வுக்கு ஏழு மாதம் பாக்கி இருக்கும்போது. ரிடையர் ஆனதும் ஊருக்குப் போய் இரண்டு மாடு வாங்கிக் கட்டுவேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். காரியம் முடிந்து திரும்பியதிலிருந்து உங்களுக்கு ஆபீசில் உட்கார முடியவில்லை. ஊரில் மரச்செக்கு போட வேண்டும் என்பது உங்கள் நெடுநாள் ஆசை. நண்பர் "வாழ்க்கை சின்னதுடா, இப்பவே இறங்கு" என்கிறார். மாமனார் "வாழ்க்கை சின்னது மாப்ள, இருக்கிறதைக் கெடுத்துக்காதீங்க" என்கிறார். இரண்டு பேரும் ஒரே பேச்சில் ஆரம்பித்து எதிரெதிர் முடிவுக்குப் போகிறார்கள், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 31 வருடம் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அதில் 14 வருடம் டெத் கிளைம் பிரிவில், அதாவது பாலிசிதாரர் இறந்தபின் குடும்பம் பணம் கேட்டு வரும் பிரிவில். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். தத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் சாவைக் காகிதமாக நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளைம் படிவங்களில் ஒன்றை இறந்தவர் வேலை செய்த இடத்தில் பூர்த்தி செய்து தர வேண்டும். அதில் ஒரு கட்டம் உண்டு: இறந்தவர் கடைசியாக வேலைக்கு வந்த தேதி. திடீர் மரணங்களில் அந்தத் தேதி பெரும்பாலும் இறப்புத் தேதிக்கு முந்தின நாளாகவே இருக்கும். முதல் வருடம் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். முந்தின நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பியிருப்பார். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் உங்கள் மனசு இப்போது படும் பாடு எனக்குப் புரிகிறது. "நாளைக்கு" என்ற வார்த்தை மேலேயே நம்பிக்கை போய்விடும்.

ஆனால் அதே அலுவலகத்தில் இன்னொரு மேசையும் இருந்தது. மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து, தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் மேசை. அதில் ஒரு பெரியவரை மறக்க முடியாது. ஏதோ ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். 58 வயதில் ஓய்வு பெற்ற சூட்டோடு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். பிழைத்து வந்ததும், யார் நாளைக்கு இருக்கப் போகிறோம் என்று கைக்கு வந்த பி.எஃப். பணத்தை மூன்று வருடத்தில் செலவழித்துவிட்டார். கெட்ட செலவு ஒன்றுமில்லை. மனைவியோடு காசி, பத்ரிநாத். பேத்திக்கு வளையல். மச்சினன் தொழிலுக்குக் கொஞ்சம். பாக்கி இருந்தது எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் 640 ரூபாய் மாதப் பென்ஷன் மட்டும். அவர் 87 வயது வரை வந்து கையெழுத்துப் போட்டார், தம்பி. மனைவி போய் 11 வருடம் கழித்தும் வந்தார். ஒரு நவம்பரில் மழைக்கு வராந்தாவில் ஒதுங்கி நின்றபோது என்னிடம் சொன்னார்: "சாகத் தயாரா இருந்தேன் சார். உயிரோட இருக்கத்தான் தயாரா இல்லை."

உங்கள் நண்பரும் மாமனாரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். "வாழ்க்கை சின்னது" என்பதை இரண்டு பேருமே உறுதியாகத் தெரிந்த விஷயம் போல வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் நீளம் தெரியாது என்பதுதான். காப்பீட்டுத் தொழில் முழுக்க அந்தத் தெரியாமையின் மேல்தான் நிற்கிறது. சீக்கிரம் செத்துவிட்டால் குடும்பம் என்ன ஆகும் என்ற பயத்துக்கு ஆயுள் காப்பீடு. ரொம்ப நாள் இருந்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்ற பயத்துக்கு ஓய்வூதியத் திட்டம். ஒரே மனிதருக்கு இரண்டையும் விற்கிறோம் என்று வெளியாட்கள் கேலி செய்வார்கள். அந்த மனிதருக்கு உண்மையிலேயே இரண்டும் தேவை.

கணக்கைப் பாருங்கள். இன்று இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 70 ஆண்டு. அப்படியானால் 34 வயதுக்காரருக்கு 36 ஆண்டு பாக்கி என்று கழித்துப் பார்ப்பது தப்பு. குழந்தையிலேயே போய்விடுகிறவர்களும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கிறார்கள். 34 வரை வந்துவிட்டவருக்குச் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 40 ஆண்டு உண்டு. 60-ஐத் தொட்டவருக்கே இன்னும் சுமார் 18 ஆண்டு. அப்பா 59-ல் போனதால் நமக்கும் அவ்வளவுதான் என்று மனசு ஒரு கோடு போட்டுக்கொள்ளும். டாக்டரைப் பார்த்து உங்கள் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள அது நல்ல காரணம். வேலையை விடுவதற்கு அது காரணமாகாது. வாழ்க்கை சின்னது என்று சொல்லி எடுத்த முடிவோடு பல பேர் 40 வருடம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

அப்போது மாமனார் சொல்வதுதான் சரியா? அதுவும் இல்லை. இதற்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் அதை நான் வேறு மாதிரி படிக்கிறேன்.

கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்தது 32 ஆண்டு. சின்ன வாழ்க்கை என்று யாருடையதையாவது சொல்லலாம் என்றால் அவருடையதைச் சொல்லலாம். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த ஓட்டு வீடு இன்றும் இருக்கிறது. நான் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். அவர் வாழ்க்கையில் துணிந்து இறங்கியது இரண்டு முறை. இரண்டு முறையும் அதே ஆள், அதே கணக்கு. விளைவுதான் வேறு.

முதல் முறை, 1904. உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதையும் தொடவில்லை. மற்ற பாடங்களில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போனார். அடுத்து சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. அப்பா ஜவுளிக்கடையில் குமாஸ்தா. வீட்டில் சேமிப்பென்று ஒன்றும் கிடையாது. பட்டமும் இல்லாமல் வேலையும் இல்லாமல், நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். அடுத்தவர் தயவில் எத்தனை நாள் இருப்பது? அவர் திறமையில் குறை ஒன்றுமில்லை. நிற்க இடமில்லாமல் தாவினார், விழுந்தார், எழுந்திருக்க ஏழெட்டு வருடம் ஆயிற்று. 32 வருட ஆயுளில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது முறை எப்படி நடந்தது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். சாப்பாட்டுக் கவலை ஓரளவு தீர்ந்தது. அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் 1913 ஜனவரி 16 தேதியிட்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். முதல் வரியிலேயே, தான் துறைமுக அலுவலகத்தில் வருடம் 20 பவுன் (இங்கிலாந்துப் பணம்) சம்பளத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டார். அதற்கு முன் கேம்பிரிட்ஜிலேயே வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்த்திருந்தார், பயனில்லை. அந்தக் கடிதங்களில் அவர் இழந்தது என்ன? தபால் செலவும் கொஞ்சம் மானமும். கிடைத்தால் என்ன கிடைக்கும்? உலகம். இப்படிப்பட்ட துணிச்சலுக்கு வயதும் பார்க்க வேண்டாம், நாளும் பார்க்க வேண்டாம். நாலாவது, அஞ்சாவது கடிதமும் எழுதலாம்.

ஹார்டியின் பதில் வந்தது. உடனே வேலையை உதறிவிட்டுக் கப்பல் ஏறவில்லை. 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அப்போதும் துறைமுக வேலையை ராஜினாமா செய்யவில்லை. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டார். கடல் கடந்து போக முதலில் மறுத்தார். ஜாதிக் கட்டுப்பாடு, அம்மாவின் எதிர்ப்பு எல்லாம் இருந்தது. அம்மா சம்மதித்த பிறகுதான் 1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் கிளம்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த வருடம் 250 பவுன் உதவித்தொகையில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போனது.

அந்தக் காலத்தில் ஒரு வைதிகக் குடும்பத்துப் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவது சாதாரணத் துணிச்சலா? இல்லவே இல்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு அடியில் என்ன இருந்தது என்று பாருங்கள். திரும்பி வந்தால் வேலை இருந்தது. போன இடத்தில் சோறு இருந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. தோற்றால் அவமானத்தோடு ஊர் திரும்பியிருப்பார், அவ்வளவுதான். 1904-ல் விழுந்த மாதிரி விழுந்திருக்க மாட்டார்.

அவர் காக்கத் தவறிய ஒன்றும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். உடம்பு. போர்க்காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, தானே சமைத்து நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு, ராத்திரி பகல் பார்க்காத வேலை. 1917-ல் படுத்தார். காசநோய் என்று வைத்தியம் நடந்தது. பிற்காலத்தில் அந்த மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஒரு டாக்டர், அது காசநோயாக இருந்திருக்காது, இந்தியாவில் இருந்தபோதே வந்த வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாகக் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் எழுதினார். அது சரியென்றால், கப்பல் ஏறாமல் சென்னையிலேயே பத்திரமாகக் குமாஸ்தா வேலை பார்த்திருந்தாலும் அந்த நோய் அவரைத் தேடி வந்திருக்கும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்திரம் என்று நாம் நினைக்கும் இடமும் பத்திரம் இல்லை. மாமனார் கட்சியில் இருக்கும் ஓட்டை இதுதான். வேலையில் இருப்பதால் அப்பாவின் மாரடைப்பு நிற்கவில்லையே.

1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தார். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், ஹார்டிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் புதுவகைக் கணிதச் சார்புகளைப் பற்றிய கண்டுபிடிப்பு இருந்தது. எலும்பும் தோலுமாகப் படுக்கையில் கிடந்து எழுதியது. அந்தக் கடைசிக் காலத்துத் தாள்கள் 1976-ல்தான் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் அதை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. இனி நாளில்லை என்று தெரிந்த பிறகு அவர் புதிதாக எதையும் பணயம் வைக்கவில்லை. தனக்குத் தெரிந்த வேலையையே செய்தார், இன்னும் ஆழமாக.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

வியாபாரக் குடும்பங்களில் "முதலுக்கே மோசம்" என்பார்கள். லாபம் குறைந்தால் திட்டிக்கொள்வார்கள், முதல் போனால்தான் அழுவார்கள். சின்ன வாழ்க்கையில் எதில் துணியலாம், எதில் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. உங்கள் முதல் எது? உடம்பு, குழந்தையின் சாப்பாடும் படிப்பும், கடன் இல்லாத நிலை, நாலு பேர் உங்கள் வார்த்தையை நம்புவது. வேலை அந்த வரிசையில் வராது. 11 வருட அனுபவம் உள்ளவருக்கு, கொஞ்சம் சம்பளம் குறைந்தாலும், இன்னொரு வேலை கிடைக்கும். அதனால் வேலையை விடுவதே பெரிய பாவம் போல மாமனார் பேசுவதை நான் ஏற்கவில்லை. வீட்டை அடகு வைத்து மெஷின் வாங்கலாம் என்று நண்பர் சொல்வதை அதைவிட ஏற்கவில்லை.

முதலைத் தொடும் ஆட்டம் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நூறு ரூபாய் வைத்து நாணயம் சுண்டுகிறீர்கள். தலை விழுந்தால் கையிலிருப்பது 50 சதவீதம் கூடும், பூ விழுந்தால் 40 சதவீதம் குறையும். சராசரி பார்த்தால் ஒவ்வொரு முறை சுண்டும்போதும் 5 சதவீத லாபம், நல்ல ஆட்டம் போலத் தெரியும். இப்போது ஒரு தலை, ஒரு பூ என்று விளையாடிப் பாருங்கள். நூறு 150 ஆகும், 150 பிறகு 90 ஆகும். இருபது முறை சுண்டிப் பத்து தலை பத்து பூ விழுந்தால் கையில் 35 ரூபாய்தான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் இருப்பதையெல்லாம் வைத்து ஆடுகிறவனுக்கு அந்தச் சராசரி கைக்கு வராது. கொஞ்சமாக வைத்து ஆடுகிறவனுக்கு வரும். பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போட்டு ஆடும், பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ ஆட்டத்தில் நம் பையன்கள் மாட்டிக்கொள்வதில் பாதி இந்தக் கணக்கு தெரியாததால்தான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேலான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வாழ்க்கை சின்னது என்று சொல்லி ஆரம்பித்திருப்பார்களோ.

ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டுகிறவனும் அதையேதான் சொல்கிறான். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1.68 லட்சம் பேரில் 44 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டும் குத்திய கிளைம் கோப்பு என் மேசைக்கு வந்தால், பிறந்த தேதியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். இப்படிப்பட்டதைத் துணிச்சல் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாள் கடத்துவதும் ஒரு சூதாட்டம்தான். அது வெளியே தெரியாத சூதாட்டம். உங்கள் அப்பா பத்து வருடம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, அறுபது வயது வரை உயிரும் முழங்காலும் இருக்கும் என்று பந்தயம் கட்டியிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் கட்டும் பந்தயம்தான் அது. அமெரிக்காவில் ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சோதனை செய்தார். வேலையை விடலாமா, துணையைப் பிரியலாமா என்று முடிவெடுக்க முடியாமல் திண்டாடுகிறவர்களை இணையத்தில் ஒரு நாணயம் சுண்டச் சொன்னார். 20,000-க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. பெரிய முடிவுகளில் மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பழையபடியே இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். அங்கே போய் நாணயம் சுண்டுகிறவர் ஏற்கனவே பாதி கிளம்பிவிட்டவர்தான், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் எனக்கு அது உண்மை போலத்தான் படுகிறது. மனசு முக்கால்வாசி போய்விட்ட இடத்துக்குக் காலும் போவது பெரும்பாலும் நல்லதே.

அதனால் செக்கு போடுங்கள். போடும் விதம்தான் பேச வேண்டியது.

செக்கு வாங்காமலே ஆரம்பிக்கலாம். உங்கள் ஊர்ப் பக்கம் கூலிக்கு ஆட்டித் தரும் செக்கு கட்டாயம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மானாவாரிக் கடலை வரும்போது 100 கிலோ பருப்பு வாங்குங்கள். மரச்செக்கில் லிட்டருக்கு இரண்டரைக் கிலோ என்று வைத்தால் 40 லிட்டர் வரும். ஆட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பருப்பு சரியாகக் காயாமல் போனால் எண்ணெய் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நாளில் காறல் வருகிறது என்பதெல்லாம் நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துக் கசடு இறங்கிய பிறகு, சென்னையில் உங்கள் அடுக்குமாடியிலேயே விற்றுப் பாருங்கள். முதல் முறை எல்லோரும் உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள். இரண்டாவது மாதம் யார் தானாகக் கேட்கிறார் என்பதுதான் கணக்கு. புண்ணாக்கை யார் எடுப்பார், என்ன விலைக்கு எடுப்பார் என்று கேட்டு வையுங்கள், இந்தத் தொழிலில் லாபம் பாதி அங்கேதான் நிற்கிறது. இதெல்லாம் சனி ஞாயிறில் ஆகிற வேலை. பணமும் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டாது.

அப்பா போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. வருடம் திரும்பும் வரை புதுக்காரியம் வேண்டாம் என்று நம் வீடுகளில் நிறுத்தி வைப்பதில் ஒரு நல்ல புத்தி இருக்கிறது. துக்கத்தில் எடுக்கும் முடிவு சில நேரம் போனவருக்காக எடுக்கும் முடிவாகிவிடும். மாடு வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. செக்கு உங்கள் ஆசைதானா என்று உங்களுக்கே தெரிய அந்த ஒரு வருடம் உதவும். ஆனால் அடுத்த ஆடிக்கு மேல் தள்ளாதீர்கள். அப்பாவின் தலைத்திவசம் முடிந்த வாரம் முடிவு என்று காலண்டரில் எழுதி வையுங்கள். அதற்குள் ஆறு முறை ஆட்டியிருப்பீர்கள். உங்கள் நிறுவனத்தில் சம்பளமில்லா விடுப்பு உண்டா என்றும் கேளுங்கள். கேட்காமலே இல்லை என்று முடிவு செய்துகொள்கிறவர்கள் நிறைய.

ராஜினாமா எழுதுவதற்கு முன் இன்னொன்று. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நிறுவனம் கொடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். பி.எஃப். சந்தாதாரர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடும் கூடவே போய்விடும். சொந்தமாக மருத்துவ பாலிசி எடுத்தால் ஏற்கனவே உள்ள வியாதிகளுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், அதனால் வேலையில் இருக்கும்போதே எடுத்து அந்தக் காலத்தை ஓட விடுங்கள். டேர்ம் பாலிசியும் (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போது எடுப்பதுதான் சுலபம். அப்பாவின் மாரடைப்பை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2016 வாக்கில் ஒரு அம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாலிசிப் பத்திரம், மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. கணவர் வேலையை விட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பித்தவர். 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி. இரண்டாவது வருடப் பிரீமியம், ஒன்பதாயிரத்துச் சொச்சம், கட்டவில்லை. அந்த மாதம் மெஷினுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார், அடுத்த மாதம் கட்டிவிடலாம் என்று. தவணைத் தேதிக்குப் பிறகு 30 நாள் சலுகை உண்டு. அது முடிந்து 11-ஆம் நாள் அவர் இறந்திருந்தார். நான் தேதியை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மேலே எழுதிக் கேட்டும் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அம்மா அழவில்லை. பத்திரத்தை அதே மடிப்பில் மடித்து, அதே கவரில் போட்டு, "மெஷினை வித்துட்டா எவ்வளவு சார் வரும்?" என்று என்னைக் கேட்டார். அவர் கணவர் தொழில் ஆரம்பித்ததை நான் இன்றைக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்த ஒன்பதாயிரம்தான் என்னை விடவில்லை.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் நண்பர் சொன்னது இருக்கிறது, மாமனார் சொன்னது இருக்கிறது, உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்பது ஒரு வரிகூட இல்லை. சொந்த ஊருக்குப் போனால் அவர் வேலை, குழந்தையின் பள்ளிக்கூடம், விருந்தாளி வந்தால் சமையல், எல்லாமே அவர் தலையில்தான் மாறும். மரச்செக்கு என்ற வார்த்தையை அவரிடம் ஒரு ஆசையாகச் சொன்னீர்களா, முடிவாகச் சொன்னீர்களா? உட்கார்ந்து கேளுங்கள். அவர் பயப்படும் விஷயங்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே நான் சொன்னதில் பாதி அந்தக் காகிதத்தில் அவரே சொல்லியிருப்பார், நான் யோசிக்காத இரண்டு மூன்றும் இருக்கும்.

அப்புறம், 23 வயதில் வேலைக்குச் சேரும்போது பி.எஃப்., வங்கிக் கணக்கு, பாலிசி எல்லாவற்றிலும் நாமினி என்று அப்பா பெயரைத்தான் கொடுத்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினீர்களா என்று இன்று சாயங்காலமே எடுத்துப் பாருங்கள். மாற்றியிருக்காவிட்டால் மனைவி பெயருக்கு மாற்றிவிடுங்கள்.